அகத்தியர் கூடம்: மலையேறும் தகுதி

பாரத நாட்டின் புனித மலைகள் பலவும் இன்று சுற்றுலாத் தலங்களாகவும் விளங்குகின்றன. ஒரே பாதையில் பக்தரும் நடக்கிறார், இயற்கைக் காட்சியை விரும்பி வந்தவரும் நடக்கிறார். வெளிப்பார்வைக்கு இருவருக்கும் வேறுபாடு இல்லை. தோளில் பை, கையில் ஊன்றுகோல், நெற்றியில் வியர்வை. ஆயினும் சாஸ்திரம் இருவரையும் வெவ்வேறாகக் காண்கிறது. ஒருவர் மலையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். மற்றவரோ மலையால் மாற்றப்பட்டுத் திரும்புகிறார். யாத்திரை என்ற சொல் இரண்டாமவரின் பயணத்திற்கே முழுமையாகப் பொருந்தும்.

இந்த வேறுபாடு எதனால் வருகிறது? ‘அதிகாரம்’ என்ற ஒரு சொல்லில் வேதாந்தம் இதற்கு விடை தருகிறது. இன்று இச்சொல்லுக்கு ஆட்சி, ஆணை என்று பொருள் கொள்கிறோம். வேதாந்த நூல்களில் இதன் பொருள் தகுதி. ஒரு சாதனையை மேற்கொள்வதற்கு உரிய மனப்பக்குவம் பெற்றவனே ‘அதிகாரி’. மலையேறுவதற்கும் இத்தகைய அதிகாரம் ஒன்று உண்டு. திருவனந்தபுரம் மாவட்டத்தில் உள்ள அகத்தியர் கூடத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதைச் சிந்திக்கலாம்.

மலையும் மரபும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், கேரளமும் தமிழகமும் சந்திக்கும் எல்லையில், 1868 மீட்டர் உயரத்தில் கூம்பு வடிவில் எழுந்து நிற்பது அகத்தியர் கூடம். தமிழ் மக்கள் இம்மலையைப் பொதிகை என்றும், பொதியில் என்றும், மலயம் என்றும் போற்றி வந்துள்ளனர். சங்க காலத்தில் பொதியில் மலைப்பகுதியை ஆண்ட ஆய் அண்டிரனின் கொடையைப் புறநானூற்றுப் புலவர்கள் பாடியுள்ளனர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க அறிஞர் தாலமி ‘பெட்டிகோ’ என்று குறிப்பிடும் மலை பொதிகையே என்பது ஆய்வாளர் கருத்து. தென்றல் பிறக்கும் இடம் இதுவே என்பது இலக்கிய மரபு.

வால்மீகி ராமாயணத்தின் கிஷ்கிந்தா காண்டத்தில், சீதையைத் தேடித் தென்திசை செல்லும் வானரர்களுக்கு வழி கூறும் சுக்ரீவன், மலய மலையின் உச்சியில் வீற்றிருக்கும் அகத்தியரைக் காணுமாறும், பின்னர் தாமிரபரணியைக் கடக்குமாறும் சொல்கிறான். பௌத்தர்களுக்கும் இம்மலைப் பகுதி அந்நியமன்று. அவலோகிதேஸ்வரர் உறையும் ‘பொத்தலகம்’ என்ற மலை தென்னாட்டில் இருப்பதாக ஏழாம் நூற்றாண்டில் பாரதம் வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங் எழுதி வைத்தார். அது பொதிகையே என்று கருதும் அறிஞர்கள் உளர். திபெத்தில் லாசா நகரிலுள்ள போதாலா அரண்மனையின் பெயர் அந்தப் புராண மலையின் பெயரிலிருந்தே வந்தது. அவலோகிதரிடமே அகத்தியர் தமிழ் கற்றார் என்று பௌத்த இலக்கண நூலான வீரசோழியம் கூறுகிறது. சைவர்களோ சிவபெருமானே அகத்தியருக்குத் தமிழை அருளினார் என்பர். சமயங்கள் வேறாயினும், ஞானத்தின் ஊற்று ஓர் உயர்ந்த மலையில் இருக்கிறது என்ற எண்ணம் ஒன்றாகவே இருப்பதைக் காண்கிறோம்.

பதினெண் சித்தர்கள் சமாதியடைந்த தலங்களைக் கூறும் வழக்கில், அகத்தியருக்கு உரியதாகத் திருவனந்தபுரத்தையே சொல்கின்றனர். நகரத்தின் நடுவே அனந்தசயனம், அதன் கிழக்கே வானளாவும் அகத்தியர் கூடம் என்று இரண்டையும் இணைத்தே இப்பகுதி மக்களின் பக்தி வளர்ந்திருக்கிறது.

புராணம் உணர்த்தும் பாடம்

அகத்தியரைப் பற்றிய இரண்டு புராணக் கதைகள் பலரும் அறிந்தவை. கயிலையில் சிவபெருமானின் திருமணத்தைக் காண அனைவரும் கூடியதால் வடதிசை தாழ்ந்தது, தென்திசை உயர்ந்தது. உலகைச் சமன் செய்யும் பொருட்டு இறைவன் அகத்தியரைத் தெற்கே அனுப்பினார். இது ஒரு கதை. மேருவுக்குப் போட்டியாக வளர்ந்து கதிரவனின் பாதையை மறித்த விந்திய மலை, அகத்தியரைக் கண்டதும் தலை தாழ்த்தியது. தாம் திரும்பி வரும்வரை அப்படியே இருக்குமாறு கூறித் தெற்கே சென்ற முனிவர் திரும்பவே இல்லை. இது மற்றொரு கதை.

இவ்விரண்டு கதைகளையும் சேர்த்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. உருவத்தில் குறுமுனி என்று சொல்லப்படுபவர் அகத்தியர். அவர் ஒருவரின் தவத்திற்கு, கயிலையில் கூடிய அனைவரின் எடைக்கும் ஈடான கனம் இருந்தது. வளர்ந்துகொண்டே சென்ற விந்தியமோ அவர் முன் தாழ நேர்ந்தது. தன்னை உயர்த்திக் கொள்ள முயல்வது தாழ்கிறது, தன்னை அடக்கியது உலகையே சமன் செய்கிறது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இறைவனின் திருமணத்தைக் கண்ணாரக் காணும் பேற்றை அகத்தியர் துறக்க வேண்டியிருந்தது. பிறர் நன்மைக்காகத் தமது ஆன்மிக இன்பத்தையும் விட்டுக்கொடுத்தவர் அவர். அத்தகையவரின் மலைக்குச் செல்பவர், ‘நான் உச்சியைத் தொட்டேன்’ என்ற எண்ணத்துடன் திரும்பினால் அது முரணாகும்.

மேட்டு நிலத்தில் மழைநீர் தங்குவதில்லை, பள்ளத்தை நோக்கியே ஓடுகிறது. அதுபோல் அகங்காரம் உள்ள இடத்தில் இறையருள் தங்குவதில்லை என்ற உவமையை பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் கூறுவதுண்டு. மலையேறும் சாதகன் ஒவ்வோர் அடியிலும் நினைவில் கொள்ளத்தக்கது இது. உடல் உயரே செல்லச் செல்ல, உள்ளம் தாழ்ந்து பணிய வேண்டும்.

பாதையில் நான்கு சாதனைகள்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகச் சென்றால் போணக்காடு வருகிறது. ஒரு காலத்தில் செழித்திருந்த தேயிலைத் தோட்டம் அங்கே களையிழந்து கிடக்கிறது. அதற்கப்பால் தொடங்கும் காட்டுப்பாதையில் நடந்துதான் சிகரத்தை அடைய வேண்டும். சென்று திரும்ப வழக்கமாக மூன்று நாட்கள் ஆகின்றன. முற்காலத்தில் மகரவிளக்கு முதல் மகா சிவராத்திரி வரையே யாத்திரைக் காலமாக இருந்தது. இன்றும் கேரள வனத்துறை பெரும்பாலும் அந்த மாதங்களிலேயே, ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்ற வரையறையுடன், அனுமதிச்சீட்டு வழங்கி வழிகாட்டிகளுடன் அனுப்புகிறது.

ஆத்ம ஞானத்தை நாடுபவனுக்கு விவேகம், வைராக்கியம், சமம் முதலான ஆறு குணங்கள், முமுட்சுத்துவம் ஆகிய நான்கு சாதனைகள் வேண்டும் என்கிறது வேதாந்தம். இவற்றைச் சாதன சதுஷ்டயம் என்பர். அகத்தியர் கூடத்தின் பாதை இந்நான்கையும் முறையாகப் பயிற்றுவிக்கும் ஒரு பாடசாலை போல அமைந்துள்ளது.

முதலாவது, விவேகம். நிலையானது எது, நிலையற்றது எது என்று பகுத்தறிவது விவேகம். மலைக்குச் செல்பவர் பையை ஆயத்தம் செய்யும்போதே இதன் எளிய வடிவம் தொடங்கிவிடுகிறது. வீட்டில் இன்றியமையாதது என்று தோன்றிய பொருள், மூன்றாவது மைலில் வீண் சுமையாகிறது. தண்ணீர், ஒரு போர்வை, சிறிது உணவு ஆகியவை எவ்வளவு பெரிய செல்வங்கள் என்பதும் அங்கேதான் தெரிகிறது. வாழ்க்கைக்கு உண்மையில் தேவைப்படுவது மிகக் குறைவு என்ற அறிவு வந்துவிட்டால் விவேகத்தின் வாயில் திறந்துவிட்டது எனலாம்.

இரண்டாவது, வைராக்கியம். மதுவும் புகையும் பிளாஸ்டிக் பொருட்களும் காட்டுக்குள் கொண்டு செல்லக் கூடாது என்பது வனத்துறை விதி. சோதனைக்குப் பயந்து இவற்றைக் கீழே வைப்பவரும் உண்டு, இவற்றின் மீதான பற்றையே கீழே வைப்பவரும் உண்டு. முன்னவர் திரும்பி வந்ததும் மீண்டும் எடுத்துக் கொள்கிறார். மூன்று நாட்கள் இவை இன்றி மகிழ்ச்சியாக இருக்க முடிந்ததே என்று பின்னவர் வியக்கிறார். அந்த வியப்பே வைராக்கியத்தின் வித்து.

மூன்றாவது, ஆறு குணங்களின் தொகுதி. காட்டில் யானையும் காட்டெருமையும் கரடியும் உண்டு. ஆகவே அங்கு அமைதியாக நடப்பது விதியாகிறது. புற அமைதி மெல்ல மெல்ல மனத்தில் இறங்குவதே சமம். கண்ட மலரைப் பறிக்காத கையும், கண்ட இடத்திற்கு ஓடாத காலும் தமம். பாதையை விட்டு விலகாமை உபரதி. கால்களில் ஏறும் அட்டையையும், அதிருமலை முகாமில் இரவு வீசும் குளிர்காற்றையும் முணுமுணுக்காமல் தாங்குவது திதிட்சை. முகாமை அடையுமுன் வரும் ஓர் ஏற்றத்திற்கு ‘முட்டிடிச்சான் தேரி’ என்று பெயர். முட்டி என்பது முழங்கால். அந்த ஏற்றத்தின் தன்மையைப் பெயரே சொல்லிவிடுகிறது. பாதை தெரியாத மூடுபனியில் வழிகாட்டியின் சொல்லை நம்பி அடி வைப்பது சிரத்தை. குருவின் சொல்லில் சீடன் கொள்ளும் நம்பிக்கைக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைப்பது அரிது.

இரண்டாம் நாள், பழைய யாத்திரிகர்கள் பொங்கலிட்டு வழிபட்ட ‘பொங்காலைப் பாறை’யைத் தாண்டியபின், செங்குத்தான பாறைகளில் கயிற்றைப் பற்றி ஏற வேண்டியுள்ளது. அங்கே மனம் வேறெங்கும் செல்ல இயலாது. கையும் காலும் கண்ணும் ஒரே புள்ளியில் நிற்கின்றன. ஆறாவது குணமாகிய சமாதானம் என்பது இத்தகைய ஒருமுகப்பாடே. அச்சத்தால் வந்த ஒருமுகப்பாட்டை அன்பினால் வரும் ஒருமுகப்பாடாக மாற்றுவது, மலையிலிருந்து இறங்கிய பிறகு செய்ய வேண்டிய சாதனை.

நான்காவது, முமுட்சுத்துவம். உச்சியில் கோபுரமில்லை, கூரையில்லை. காற்றுக்கும் மழைக்கும் இடையே திறந்த வெளியில் அகத்தியரின் கற்சிலை நிற்கிறது. அவ்வளவுதான். மேகம் விலகிய வேளையில் இருபுறத்துச் சமவெளிகளும் நீர்த்தேக்கங்களும் தெரிகின்றன. மேகம் மூடிய நாளில் எதிரே நிற்பவர்கூடத் தெரிவதில்லை. காட்சிக்காக வந்தவருக்கு அந்த நாள் ஏமாற்றம் தருகிறது. முனிவரை நாடி வந்தவருக்கோ குறை ஒன்றும் இல்லை. கண்ணுக்கு எதுவும் தெரியாத அந்த வெண்மையில் அவர் கண்களை மூடி அமர்கிறார். தாம் எதற்காக ஏறி வந்தோம் என்பது ஒவ்வொருவருக்கும் தெளிவாகும் இடம் அதுவே. விடுதலை ஒன்றே வேண்டும் என்ற தாகம் எத்தனை ஆழமானது என்பதைச் சாதகன் அங்கே அளந்து பார்க்கலாம்.

யாருக்கு அதிகாரம்?

அதிகாரத்தைப் பற்றிப் பேசும்போது அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்றைத் தவிர்க்க இயலாது. பல ஆண்டுகளாக அகத்தியர் கூடத்தின் உச்சிக்குச் செல்லப் பெண்களுக்கு அனுமதி இல்லாதிருந்தது. இதை எதிர்த்துப் பெண்கள் கேரள உயர்நீதிமன்றத்தை அணுகினர். பாலின அடிப்படையில் தடை கூடாது என்று 2018 நவம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019 ஜனவரியில், பாதுகாப்புத் துறையின் செய்தித் தொடர்பு அதிகாரியான தன்யா சனல், அத்தீர்ப்பிற்குப் பின் சிகரத்தை அடைந்த முதல் பெண்மணியானார். இம்மலையின் தொல்குடிகளான காணி மக்கள் தங்கள் வருத்தத்தை அமைதியான முறையில் வெளிப்படுத்தினர், எவரையும் தடுக்கவில்லை. அகத்தியர் அவர்களது குலகுரு, பிரம்மசாரி என்பது அவர்களது நம்பிக்கை.

இதில் சாஸ்திரத்தின் நிலை என்ன? அகத்தியரின் துணைவி லோபாமுத்திரை. அவர் வெறும் துணைவி மட்டுமல்லர், ரிக் வேதத்தின் முதல் மண்டலத்தில் உள்ள ஒரு சூக்தத்தின் ரிஷிகளுள் ஒருவர். குடகு நாட்டு மரபு காவிரி அன்னையையே லோபாமுத்திரையாக வணங்குகிறது. மந்திரத்தைக் கண்ட ஒரு ரிஷிகை யாருடைய இல்லத்தரசியாக இருந்தாரோ, அவருடைய மலையில் பெண்மைக்கு இடமில்லை என்பதற்கு வேதத்தில் ஆதாரம் தேட முடியாது. ஆத்மாவில் ஆண், பெண் என்ற பேதம் இல்லை என்பதை சுவாமி விவேகானந்தர் வற்புறுத்தி வந்தார். விவேகத்தையும் வைராக்கியத்தையும் தகுதியாகக் கூறிய வேதாந்தம், அந்த வரிசையில் உடலைச் சேர்க்கவில்லை.

எனினும் இத்துடன் பேச்சை முடித்துவிடுவது நேர்மையாகாது. காணி மக்களின் நம்பிக்கை ஏட்டிலிருந்து வந்ததன்று. தலைமுறை தலைமுறையாக அக்காட்டில் வாழ்ந்து, அம்மலையை நோக்கிக் கைகூப்பி வளர்ந்த பக்தி அது. சுலோகங்களை எடுத்துக்காட்டி அதைத் தோற்கடித்துவிட்டோம் என்று மகிழ்வது, மற்றொரு விந்தியமாக வளர்வதே ஆகும். பாதை சட்டத்தால் திறந்தது. ஆனால் அப்பாதையில் நடக்கும் முறையைச் சட்டம் கற்பிப்பதில்லை. ஓர் இல்லத்திற்குள் செல்ல உரிமை பெற்றவர், அவ்வில்லத்தாரின் உள்ளம் நோகாதபடி நடந்து கொள்வது பண்பு.

இதே வினா ஆண்களை நோக்கியும் எழுகிறது. ஆணாகப் பிறந்தது ஒன்றையே தகுதியாகக் கொண்டு பல்லாண்டுகள் ஏறியவர்கள் அனைவரும் அதிகாரிகளாக இருந்தார்களா? மது கூடாது, நெகிழி கூடாது, உச்சியில் பூஜைப் பொருட்களின் கழிவு சேரக் கூடாது என்றெல்லாம் விதி செய்ய வேண்டிய நிலை ஏன் வந்தது? பக்தியின் பெயரால் மலையில் விட்டு வந்த குப்பையும் அபசாரமே. நுழையும் உரிமையை மன்றம் தரலாம், மரபு மறுக்கலாம். தகுதியை மட்டும் ஒவ்வொருவரும் தாமே ஈட்டிக் கொள்ள வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் இதில் விலக்கில்லை.

இறங்கும்போது கொண்டுவருவது

உச்சி யாத்திரையின் பாதி மட்டுமே. இறங்கி வருபவர் எதைக் கொண்டு வருகிறார் என்பது மறுபாதி. இம்மலையே இதற்கு இரண்டு சான்றுகளைத் தருகிறது.

திருவிதாங்கூர் அரசின் வானாய்வு நிலையத்திற்கு இயக்குநராக இருந்த ஜான் ஆலன் புரூன் என்ற ஸ்காட்லாந்து அறிஞர், 1855-இல் அகத்தியர் கூடத்தில் ஓர் ஆய்வு நிலையத்தை அமைத்தார். யானைக் காடுகளின் வழியே கருவிகளைச் சுமந்து சென்று, கீழே திருவனந்தபுரத்திலும் மேலே மலையிலும் புவிக்காந்தத்தின் மாறுதல்களை ஒப்பிட்டு அளந்தனர். ஓரிடத்தில் தோன்றும் நாள்தோறுமான காந்த மாறுதல்கள் அவ்விடத்திற்கு மட்டும் உரியன அல்ல, உலகம் முழுவதும் ஒருசேர நிகழ்கின்றன என்ற உண்மையை வெளிப்படுத்திய பெருமை அவரைச் சாரும். பூமி முழுவதும் ஒன்றாகத் துடிக்கிறது என்ற செய்தி, உலகைச் சமன் செய்ய வந்த முனிவரின் மலையிலிருந்தும் கிடைத்தது பொருத்தமே.

இரண்டாவது சான்று காணி மக்களைப் பற்றியது. 1987-இல் டாக்டர் புஷ்பாங்கதன் தலைமையில் இம்மலைக்கு வந்த தாவரவியல் ஆய்வாளர்கள் களைத்துப் போன வேளையில், வழிகாட்டிகளாக வந்த காணி இளைஞர்கள் ஒரு செடியின் கனியை உண்டு களைப்பின்றி நடப்பதைக் கண்டனர். அதுவே ‘ஆரோக்கியப் பச்சை’. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா நிறுவனம் அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. கிடைத்த உரிமத் தொகையில் பாதியைக் காணி மக்களுக்கு அளிக்க முன்வந்தது. அதற்காக 1997-இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளையும் பதிவு செய்யப்பட்டது. பழங்குடியினரின் அறிவுக்கு உரிய பங்கு தர வேண்டும் என்று 2010-இல் நகோயா ஒப்பந்தம் வருவதற்கு முன்பே, உலகம் எடுத்துப் பேசிய முன்மாதிரி அது. செடியை வளர்ப்பதிலும் உரிமத்திலும் பின்னர் இடர்கள் நேர்ந்தது உண்மையே. ஆயினும், அறிவைப் பெற்றவன் கொடுத்தவனை மறக்கக் கூடாது என்ற தர்மம் அங்கே ஒருமுறை செயலாகியது. குருதட்சிணை என்பது வேறென்ன?

மலையும் அவ்வாறே கொடுத்துக் கொண்டிருக்கிறது. கிழக்கே இறங்கும் தாமிரபரணி திருநெல்வேலிச் சீமையின் வயல்களை நனைத்துப் புன்னைக்காயலில் கடலை அடைகிறது. மேற்கே இம்மலைத்தொடரில் நெய்யாறும் கரமனையாறும் பிறக்கின்றன. திருவனந்தபுரத்து மக்கள் அருந்தும் நீர் கரமனையாற்றின் அருவிக்கரையிலிருந்து வருகிறது. தனக்கென்று ஒரு குளத்தைக்கூட உச்சியில் வைத்துக் கொள்ளாத மலை, சோலைக் காடுகளின் வேர்களிலும் பாசியிலும் மழையைச் சிறிது சிறிதாகத் தேக்கி, கோடை முழுவதும் கீழே அனுப்புகிறது. சுமார் 3,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தில் 2,254 உயர்வகைத் தாவரங்கள் உள்ளன. அவற்றுள் 400 அளவில் வேறெங்கும் காணப்படாதவை. 2016-இல் யுனெஸ்கோ இதைத் தனது உலகக் காப்பகத் தொகுப்பில் சேர்த்தது. இத்தனையையும் தாங்கும் மலையை ஆண்டிற்குச் சில வாரங்கள் மட்டும், சிலர் மட்டும் ஏறுவது என்ற கட்டுப்பாடு யாத்திரைக்குத் தடையாகாது. விரதத்திற்கு நியமம் எப்படியோ அப்படியே அது.

1892 டிசம்பரில் திருவனந்தபுரத்தில் ஒன்பது நாட்கள் தங்கிய சுவாமி விவேகானந்தர், அங்கிருந்து கன்னியாகுமரி சென்று பாறையில் தியானத்தில் ஆழ்ந்தார். அந்தத் தியானத்திலிருந்து எழுந்தவரின் உள்ளத்தில் நிறைந்திருந்தது பாரதத்தின் ஏழை மக்களைப் பற்றிய சிந்தனையே. உயர்ந்த இடத்தில் பெற்றது தாழ்ந்தோரின் நலனுக்காகக் கீழே இறங்கி வர வேண்டும். அகத்தியரின் கமண்டலத்து நீர் ஆறாகப் பெருகியது என்று நமது புராணங்கள் கூறுவதன் உட்பொருளும் இதுவே. அகத்தியர் கூடத்திற்குச் செல்லும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. ஆனால் சுமையைக் குறைத்து, நாவை அடக்கி, வழிகாட்டியை நம்பி, பணிவுடன் ஏறி, பெற்றதைப் பகிரும் யாத்திரையை எவரும் தம் இருப்பிடத்திலிருந்தே தொடங்கலாம்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. என் அன்றாட வாழ்க்கையில் தேவையென்று நான் சுமப்பவற்றுள், மூன்று நாட்கள் இன்றியும் வாழக்கூடியவை எவை?

2. உரிமை, தகுதி ஆகிய இரண்டுக்கும் உள்ள வேறுபாடு என்ன? உரிமையை நாடும் அளவுக்குத் தகுதியை நாடுகிறேனா?

3. எனக்கு மாறான நம்பிக்கை உடையவரிடம், கொள்கையை விடாமலும் பணிவை இழக்காமலும் நடந்து கொள்வது எப்படி?

4. எனக்கு அறிவும் நன்மையும் அளித்தவர்களுக்கு நான் திருப்பித் தந்தது என்ன?